டாக்டர் பிச்சம்மாளின் கையெழுத்து

கண்ணெதிரே, சொந்தப் பேனாவால், தானே போட்ட கையெழுத்தைக் காட்டி ஒருவர், “இது உங்க கையெழுத்து இல்லியேம்மா” என்று சொன்னால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? டாக்டர் பிச்சம்மாளுக்கு உச்சந்தலை வரைக்கும் வந்தது. மை கூட இன்னும் காயவில்லை.

“அப்போ யாருக்க கையெழுத்து? உங்க பாட்டனாருக்கதா?” என்று கேட்டுவிட்டாள்.

ராணி மருத்துவக் கல்லூரி ஆபீஸில் சூப்பிரண்டிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. பக்கத்து மேஜைக் குமாஸ்தாக்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரே நேரத்தில் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்கள். சூப்பிரண்டு நல்ல மனுஷன்தான், கோபப்படவில்லை. கோபத்தைவிட மோசமான ஒன்றைச் செய்தார். பொறுமையாக விளக்கினார்.

அன்றைக்கு 1956 அக்டோபர் இருபத்தாறு, வெள்ளிக்கிழமை. இன்னும் ஆறு நாளில் திருவிதாங்கூர்–கொச்சி என்கிற ராஜ்யமே இருக்காது. நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு சேருகிறது. திருவனந்தபுரமும் அதிலுள்ள இந்தக் கல்லூரியும் கேரளத்தில் நிற்கும். சர்க்கார் சம்பளம் வாங்கும் ஒவ்வொருவரிடமும், எந்தப் பக்கம் இருக்க இஷ்டம் என்று அச்சடித்த பாரம் அனுப்பிக் கேட்டிருந்தார்கள். அந்த பாரத்துக்கு ஆப்ஷன் என்று பெயர். பிச்சம்மாளின் ஆப்ஷன் ஒரு மாதத்துக்கு முன்பே வந்து ஃபைலில் ஏறிவிட்டது. ‘தமிழ்நாடு’ என்று தெளிவாகப் போட்டிருந்தது. முப்பத்தோராம் தேதி சாயங்காலத்தோடு அவளை இங்கிருந்து விடுவித்து ஆர்டரும் ஆகிவிட்டது. ஏதாவது ஒரு தாலூகா ஆஸ்பத்திரியில் சளிக்கும் சிரங்குக்கும் மருந்து எழுதப் போகவேண்டியதுதான்.

“நான் பாரத்தக் கண்ணாலயே பாக்கல்ல” என்றாள் பிச்சம்மாள். “அது எனக்க கையெழுத்து இல்ல. இதா, இதுதான் எனக்கது.”

சூப்பிரண்டு ஃபைலைத் திருப்பி வைத்தார். ஆப்ஷன் பாரத்தில் இங்கிலீஷில் ஒரு கையெழுத்து. பெரிதாகச் சுழித்து, அடியில் நீளமாக ஒரு வால். அடுத்த பக்கம், வேலையில் சேர்ந்தபோது அனுப்பிய விண்ணப்பம். அதே சுழிப்பு, அதே வால். அதற்கும் முன்னால், ஐந்து வருஷம் சர்க்காரில் வேலை செய்வேன் என்று எழுதிக்கொடுத்த பத்திரம். அதிலும் வால். அவள் இப்போது போட்டுக் காட்டியதோ வாலுமில்லை, சுழியுமில்லை; குண்டு குண்டாகத் தமிழில் பிச்சம்மாள்.

“பாத்தியளா? ரிக்கார்டுல இருக்கது எல்லாம் ஒரே கை. உங்களதுதான் சேரமாட்டேங்கு.”

“தினம் ரிஜிஸ்டர்ல போடுதேனே?”

“அதுல ‘பி’ன்னு ஒரு எழுத்து. ஒரு எழுத்து கையெழுத்து ஆகாதும்மா.”

அந்த வால் யாருடையது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பூதப்பாண்டியில் இருக்கும் தாய்மாமன் ஆறுமுகப்பெருமாளுடையது.

அவர்கள் வீட்டில் இதெல்லாம் புதிதில்லை. நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பத்தில் கூடப்பிறந்தவள் பிள்ளைகளான மருமக்களுடைய காரியமெல்லாம் மாமன் பொறுப்பு என்பது சட்டப் புத்தகத்திலிருந்து போய் முப்பது வருஷம் ஆகியிருந்தது, வீட்டிலிருந்து போகவில்லை. பிச்சம்மாளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது மாமா. ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிப்போட்டது மாமா. மெடிக்கல் காலேஜ் விண்ணப்பத்தை அவள் காய்ச்சலில் கிடந்தபோது நிரப்பி, அவள் பெயரில் கையெழுத்தும் போட்டுத் தபாலில் சேர்த்தது மாமா. வேலைக்கான காகிதம் எல்லாம் நிரந்தர விலாசத்துக்குத்தான் வரும். அவள் ஊருக்கு வருவதற்குள் அவர் எல்லாவற்றிலும் வால் போட்டு அனுப்பியிருப்பார். அவளும் ஒருநாள்கூட அதைத் தப்பு என்று நினைத்தவளில்லை. ஒரு வேலை மிச்சம் என்றுதான் நினைத்தாள். அந்த வேலை மிச்சம் இப்போது கழுத்துக்கு வந்து நின்றது.

ஆபீஸிலிருந்து நேரே பிரேத அறைக்குப் பின்னாலிருந்த தன் அறைக்குப் போனாள். மூன்று சுவரிலும் பலகை அடித்து, பலகை நிறையக் கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொரு குப்பியிலும் மருந்துத் தண்ணீரில் ஒரு மனுஷனுடைய பெருந்தமனி. இதயத்திலிருந்து புறப்பட்டு முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்குள் இறங்கி, தொப்புளுக்கு நேரே இரண்டாகப் பிரிகிற பெரிய ரத்தக்குழாய். நூற்றெண்பத்தேழு குப்பிகள். எல்லாம் அவள் கையால் எடுத்து, அளந்து, எண் ஒட்டியவை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், தோவாளையில் பூ வியாபாரம் செய்துகொண்டிருந்த செல்லக்கனி என்பவரை வயிற்றில் ஒரு துடிக்கிற கட்டியோடு கொண்டுவந்தார்கள். பெருந்தமனி வீங்கி, வெடிக்கிற நிலைமை. அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஜெபசீலன் அப்போதுதான் லண்டனில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்திருந்தார். வீங்கிய பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு வேறு குழாயை வைத்துத் தைப்பது என்று தீர்மானித்தார். இந்தப் பக்கத்தில் அதுவரை யாரும் தொடாத காரியம். வீக்கத்துக்கு மேலே கிடுக்கி போட்டு ரத்தத்தை நிறுத்தினார். தையலெல்லாம் நன்றாகத்தான் விழுந்தது. ஆனால் மூன்றாம் நாள் செல்லக்கனி மூத்திரம் பிரியாமல், முகம் வீங்கிச் செத்துப்போனார். பிரேதத்தைத் திறந்து பார்த்தவள் பிச்சம்மாள். சிறுநீரகத்துக்குப் பக்கத்துக்கு ஒன்றாகப் போகவேண்டிய குழாய், அந்த மனுஷனுக்கு இரண்டு இரண்டாக இருந்தது. மேலே இருந்ததை மட்டும் பார்த்துக் கணக்குப் பண்ணியதில், கிடுக்கி தப்பான இடத்தில் விழுந்து கீழே இருந்தது அடைபட்டுவிட்டது.

“புஸ்தகத்துல இத ஒரு வரியில சொல்லிட்டுப் போயிருக்கான். நம்ம ஆளுவளுக்கு எத்தன பேருக்கு இப்படி இருக்குன்னு யாராவது எண்ணிப் பாத்தாத்தான் நான் இனி கத்தி எடுப்பேன்” என்று ஜெபசீலன் சொன்னார். அவர் சொல்லிவிட்டுப் போனார், பிச்சம்மாள் எண்ண உட்கார்ந்தாள். மருந்து வாடையில் சோறு இறங்காமல், கை தோலுரிந்து, மூன்று வருஷம். நூற்றெண்பத்தேழு பேரில் நாற்பத்தொன்பது பேருக்கு உபரிக் குழாய் இருந்தது. இருநூறு ஆனதும் கட்டுரை எழுதி வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்புவது என்று பேச்சு. இன்னும் பதின்மூன்று.

பிரேத அறைச் சேவகர் சூசை வாசலில் வந்து நின்றார். “டாக்டரம்மா, நீங்க போறியளாமே. அப்பம் இந்தக் குப்பியளையும் வண்டியில ஏத்தணுமா?”

“குப்பிக்கு ஆப்ஷன் கிடையாது சூசை. அது காலேஜ் சொத்து. ஆளத்தான் தூக்கிப் போடுவாவ.”

ஜெபசீலன் சேதி கேட்டு வந்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுவிட்டு, “கவலைப்படாதீங்க பிச்சம்மா, மிச்சம் பதிமூணையும் நான் ஆள வச்சு முடிச்சிருதேன். கட்டுரைக் கடைசியில உங்களுக்கு நன்றின்னு பேர் போட்டு ஒரு வரி சேத்திருவோம்” என்றார்.

“நன்றியா?”

“ஆமா. நல்லாப் பெரிசாவே போடலாம்.”

“சார், லண்டனுக்கு நீங்க போனீங்க. திரும்பி வரும்போது பேராசிரியரா வந்தீங்க. நான் தாலூகா ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு வரியா ஆயிருவேன். ரெண்டும் போறதுதான், ரெண்டும் ஒண்ணு இல்ல” என்றாள். “நன்றியெல்லாம் நான் சொல்லுதேன் உங்களுக்கு. கட்டுரையில முதல் பேரு எனக்கது. நான் எங்கயும் போகப்போறதும் இல்ல.”

அவர் குப்பிகளைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸைப் பிடித்து வடசேரியில் இறங்கி, அங்கிருந்து பூதப்பாண்டி வண்டியில் ஏறினாள். வடசேரிச் சந்தை முழுக்க ஒரே அமர்க்களம். தீபாவளி வேறு, இணைப்பு விழா வேறு. காய்கறிக் கடைக்காரன்கூடத் தராசில் கொடி கட்டியிருந்தான். அவளுக்கும் அந்தச் சந்தோஷம் இல்லாமலில்லை. சொந்த ஊர் சொந்த மொழிக்காரரோடு சேருகிறது, யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் ஊர் போகிறது என்றால் தன்னையும் மூட்டையில் கட்டி ஏற்றிவிடலாம் என்று நினைத்துவிட்டார்களே, அதுதான் உறுத்தியது.

மாமா வீட்டு முன்னறையில் விழாக் கமிட்டிக்காரர்கள் நாலு பேர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் தேதி ஊர்வலத்துக்குத் தோவாளையிலிருந்து எத்தனை மாலை, யார் யாருக்கு என்று பேச்சு. ஆறுமுகப்பெருமாளுக்கு ஒரு பெரிய மாலை நிச்சயம். ஐம்பத்துநாலில் நடந்த இணைப்புப் போராட்டத்தில் நாலு மாதம் உள்ளே இருந்தவர், தொண்டை கிழியக் கோஷம் போட்டவர், இன்னும் அந்தக் கரகரப்பு போகாதவர். கதர்ச் சட்டை, நரைத்த மீசை, உடம்பு மெலிந்து போயிருந்தாலும் குரல் மெலியவில்லை.

“வா மக்கா, வா! இவளாக்கும் நான் சொன்ன எனக்க மருமக டாக்டர்” என்று எழுந்தார். “சரியான நேரத்துல வந்தா. முதல் தேதி மேடையில நீயும் உண்டு, கேட்டியா?”

“மாமா, ஆப்ஷன் பாரம் ஒண்ணு வந்துதா?”

“வந்துதே! அன்னைக்கே போட்டுத் தபால்ல சேத்துட்டேன். நாலு நாள் பிந்தினா பேரு விட்டுப் போயிரும்லா?”

“எங்கன்னு போட்டீய?”

“இதென்ன கேள்வி? ஊரு எங்க போகுதோ அங்க.”

“எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டீயளா?”

மாமா சிரித்தார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. “உனக்கிட்ட என்னத்தக் கேக்கதுக்கு? என்னைக்குக் கேட்டிருக்கேன்? நல்லதுதானே செய்யுதேன்.”

அது பொய்யில்லை. அதனால்தான் அவளுக்கு இரட்டிப்பாக வலித்தது. வேளாளர் வீட்டுப் பெண் பிணம் அறுக்கப் போகிறாளா என்று தெருவே காறித் துப்பியபோது, நடுத்தெருவில் நின்று, “எவனுக்குடே வயித்தெரிச்சல்? முன்னால வா பாப்போம்!” என்று வேட்டியை மடித்துக் கட்டியவர் இந்த மனுஷன்தான். அப்பா இல்லாத பிள்ளையை அவர்தான் தூக்கி நிறுத்தினார். இன்றைக்கு அவரை நாலு பேர் முன்னால் நிறுத்திக் கேட்கவேண்டியிருக்கிறது. ஆனாலும் கேட்டாள்.

“அந்த பாரத்தால எனக்க வேலை போச்சு மாமா. மூணு வருஷமா நான் பாத்து வச்சது அங்கதான் இருக்கு, இங்க வராது. புதன்கிழமையோட என்ன வெளிய அனுப்புகாவ. நான் போடல்லன்னு சொன்னா, ரிக்கார்டு பூரா உங்க கை, எனக்க கைதான் கள்ளம்ங்காவ. நீங்க வந்து ஆபீஸ்ல சொல்லணும், நான்தான் போட்டேன்னு.”

பாயில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாமாவின் சிரிப்பு மெல்ல வடிந்தது.

“அங்க வந்து நானா? இன்னும் நாலு நாள்ல விழா. அவனுவ ஆபீஸ்ல போயி நின்னு, எனக்க மருமக உங்ககூட இருக்கணும்ங்கா, தமிழ்நாட்டுக்கு வரமாட்டேங்கா, நான் கள்ளக் கையெழுத்து போட்டுட்டேன்னு சொல்லவா? ஏட்டி, உனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சா? ஊரு என்ன சொல்லும்?”

“ஊரு என்ன வேணும்னாலும் சொல்லட்டும்.”

“நாலு மாசம் களி தின்னேனே, கொட்டடியில மூட்டப்பூச்சிக் கடியில கிடந்தேனே, அது என்னத்துக்கு? நீ அங்கின போயி நிக்கதுக்கா?” குரல் உயர்ந்து வீடே அதிர்ந்தது.

பிச்சம்மாளும் குரலை உயர்த்தினாள். “என்னத்துக்குன்னு நான் சொல்லுதேன். இந்த ஜனங்களக் கேக்காம, மேல இருக்கவன் எவனோ நம்ம தலையெழுத்த எழுதப்பிடாதுன்னுதானே நீங்க உள்ள போனீய? நீங்க எந்தப் பக்கம்னு எங்களக் கேளுன்னுதானே கத்துனீய? நாலு தாலூகாவையும் கேக்கணும். இந்த ஒருத்தியக் கேக்காண்டாம். அப்படித்தானே மாமா?”

கமிட்டிக்காரர்களில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர், “பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு ஆவாது” என்று இழுத்தார்.

“உம்மகிட்ட நான் பேசல்ல ஓய். நீரு மாலைய எண்ணும்” என்றாள். அவர் வெற்றிலையை விழுங்கிவிட்டார்.

கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மாமா முன்னால் பாயில் வைத்தாள். போலீஸுக்கு எழுதிய மனு. ‘என் சம்மதம் இல்லாமல், எனக்குத் தெரியாமல், என் பெயரில் கையெழுத்திட்டவர் பூதப்பாண்டி ஆறுமுகப்பெருமாள்’ என்று தமிழில், அவர் வாசிக்கும்படியாகப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். அடியில் கையெழுத்துக்கு இடம் வெறுமையாக இருந்தது.

“இது நகல். இன்னொண்ணு எனக்கிட்ட இருக்கு. புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள்ள நீங்க அங்க வரல்லேன்னா அதுல கையெழுத்து போடுவேன். போட்டு ஸ்டேஷன்ல கொடுப்பேன்.”

“எனக்க பேர்லயா? கேஸா?”

“ஆமா.”

“எனக்க பேர்ல?”

அந்த இரண்டாவது கேள்விக்கு அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பாள். அழுதால் எல்லாம் முடிந்தது, அவர் தலையைத் தடவி ஒரு டம்ளர் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார், அவளும் தாலூகா ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள் என்று தெரிந்ததால், செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அம்மா மீனாட்சியம்மாள் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாக வந்தாள். திட்டப்போகிறாள் என்றுதான் பிச்சம்மாள் நினைத்தாள். திட்டவும் செய்தாள். “கூடப்பிறந்தவன் மூஞ்சில கரியப் பூசிட்டியே பாவி. அவன் இல்லேன்னா நீ ஏது?” என்று மூக்கைச் சிந்தினாள். பஸ் வருகிற சத்தம் கேட்டதும் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“எனக்க கல்யாணத்துலயும் அவன்தான் எழுதிக் குடுத்தான். வயலு விக்கும்போதும் அவன்தான். நான் ஒரு காயிதத்துலயும் ஒண்ணும் போட்டதில்ல மக்கா. நீ போடு.”

புதன்கிழமை காலையில் ஒரு விபத்துப் பிரேதம் வந்தது. பிச்சம்மாள் கையுறை மாட்டிக்கொண்டு, நூற்றெண்பத்தெட்டாவது பெருந்தமனியை எடுத்து மேஜையில் நீளவாக்கில் வைத்து அளக்கத் தொடங்கினாள். பதினொரு மணிக்கு ஒரு குமாஸ்தா சாவி கேட்டு வந்தான். வேலை நடக்கிறது, அப்புறம் வா என்றாள். ஒரு மணிக்கு மறுபடியும் வந்தான். மூன்று மணிக்கு சூப்பிரண்டே வந்து, மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார்.

“அம்மா, ஆர்டர்னா ஆர்டர். இன்னைக்கு ஆபீஸ் மூடுததுக்குள்ள சாவி எனக்குக் கிடைக்கணும்.”

“உள்ள வாங்க சார், வந்து எடுத்துக்கிடுங்க. சாவி அந்த மேஜையிலதான் கிடக்கு” என்றாள். சாவி அந்த ரத்தத்துக்கும் குடலுக்கும் நடுவில் கிடந்தது. அவர் வரவில்லை.

நாலு மணி அடித்தது. மாமா வரவில்லை. பிச்சம்மாள் ஜன்னல் வழியாகப் பாதையைப் பார்த்தாள். ஐந்து நிமிஷம் கொடுத்தாள். இன்னும் ஐந்து கொடுத்தாள். பிறகு கையைக் கழுவித் துடைத்து, மனுவை விரித்து, அடியில் தன் பெயரைக் குண்டு குண்டாக எழுதினாள். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் புறப்பட்டாள்.

கல்லூரி வாசற்படியிலேயே ஆறுமுகப்பெருமாள் எதிரே ஏறி வந்துகொண்டிருந்தார். கதர்ச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, முழங்கால் வரை புழுதி.

“தக்கலையில வண்டி கெட்டுப்போச்சு. ரெண்டு மைல் நடந்து வேற வண்டி பிடிச்சேன்” என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. அவள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். “போட்டுட்டியா?”

“போட்டுட்டேன்.”

கை நீட்டினார். கொடுத்தாள். தன் பெயரை வாசித்தார், செய்த குற்றத்தை வாசித்தார், கடைசியில் அடியில் இருந்ததை வெகுநேரம் பார்த்தார். முப்பத்தொரு வருஷத்தில் மருமகளின் கையெழுத்தை அவர் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறார்.

“இதா உனக்க கையெழுத்து?”

“ஆமா.”

“ம்” என்றார். மனுவை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். கிழிக்கவில்லை. “ஆபீசு எங்க இருக்கு?”

சூப்பிரண்டு அறையில் அவர் உட்காரவில்லை. ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, நின்றபடியே குனிந்து, வாலும் சுழியுமாகப் பிச்சம்மாளின் பெயரை மூன்று தடவை போட்டுத் தள்ளினார். சேதி பரவி ஜெபசீலனும் வந்து நிலையில் சாய்ந்து நின்றார். சூப்பிரண்டு தாளையும் ஃபைலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வியர்த்துவிட்டது அவருக்கு.

“பெரியவரே, நீங்க என்ன செய்யுதீயன்னு தெரியுதா? சர்க்கார் ரிக்கார்டுல வேற ஆள் பேர்ல கையெழுத்து. இத நான் மேல எழுதினா உங்க மேல கேஸ் வரும். ஜெயில் வரைக்கும் போகும்.”

“ஜெயிலுக்கு நான் வழி கேக்காமலே போவேன். நீரு எழுதும்” என்றார் ஆறுமுகப்பெருமாள். “ஆனா நான் போட்டது தப்புன்னு எழுதும்போது, அவ போடுகதுதான் சரின்னும் சேத்து எழுதணும். அத விட்டுராதேயும்.”

சூப்பிரண்டு ஜெபசீலனைப் பார்த்தார். ஜெபசீலன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “அந்த ஆராய்ச்சி அவங்களுது. அவங்க இல்லாம அது நடக்காது. நானும் எழுதித் தாறேன்” என்றார். இந்த வார்த்தையை வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சொல்லாதவர் இன்றைக்காவது சொன்னாரே என்று பிச்சம்மாள் அதையும் எடுத்துக்கொண்டாள்.

கடைசியில் சூப்பிரண்டு பெருமூச்சு விட்டுக்கொண்டு அலமாரியைத் திறந்து புதிய பாரம் ஒன்றை எடுத்தார். பழையது செல்லாது என்று மேலே எழுதுவதாகவும், தீர்மானம் வரும்வரை டாக்டர் இங்கேயே வேலை பார்க்கலாம் என்றும் சொன்னார். இந்தத் தடவை தன் எதிரிலேயே எழுதவேண்டும், ஒரு சாட்சியும் வேண்டும் என்றார்.

பிச்சம்மாள் உட்கார்ந்து எழுதினாள். எந்த ராஜ்யம் என்கிற இடத்தில் ‘கேரளம்’ என்று எழுதும்போது மாமாவின் மூச்சு பக்கத்தில் கேட்டது. நாளைக்கு இந்த நேரம் அவர் கழுத்தில் மாலை விழும். மேடையில் யாராவது ஒருத்தன், உம்ம மருமக எங்க ஓய் என்று கேட்பான், நிச்சயம் கேட்பான். அதற்கு அவர் பதில் சொல்லியாகவேண்டும். அதை நினைத்ததும் அவளுக்குக் கண் கரித்தது. ஆனாலும் எழுத்தை மாற்றவில்லை. அடியில் தன் பெயரைப் போட்டுவிட்டு, பேனாவையும் பாரத்தையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

“சாட்சி யாரு வேணும்னாலும் போடலாம். சூசை போடுவாரு. உங்களுக்கு இஷ்டம் இல்லேன்னா வேண்டாம் மாமா. கேக்கேன், அவ்வளவுதான்.”

ஆறுமுகப்பெருமாள் பேனாவை எடுக்கவில்லை. ‘கேரளம்’ என்ற எழுத்தையே முறைத்துக்கொண்டு நின்றார். மீசை துடித்தது. போலீஸ் தடியை நெஞ்சு நிமிர்த்தி வாங்கிய மனுஷனுக்கு ஒரு நாலெழுத்து இவ்வளவு கனமாக இருந்தது. சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தாண்டியது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

பிறகு பேனாவை எடுத்தார். மருமகள் பெயருக்குக் கீழே, பழகிய கை எங்கே அவள் பெயரையே மறுபடி எழுதிவிடுமோ என்று பயந்தவர்போல ஒவ்வொரு எழுத்தாக, தமிழில் தன் சொந்தப் பெயரை எழுதினார். எழுதி முடித்து, பேனாவை மூடி, மேஜையில் டக்கென்று வைத்தார்.

“இங்க பாரு. நீ போட்டத நான் கண்ணால கண்டேன். அதுக்குத்தான் இந்தச் சாட்சி. நீ போட்டது சரிங்கதுக்கு இல்ல. கேட்டியா?”

“அது போதும் மாமா” என்றாள் பிச்சம்மாள். “அதுக்கு மேல நான் உங்ககிட்ட ஒண்ணும் கேக்கல்ல.”